நுனி கிள்ளிய நாற்று

வாழ்த்து மடல் எழுதுகிறவனுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கூட்டுறவுச் சங்கத் தலைவர், கால்நடை மருத்துவர், இரண்டு முறை தோற்ற வேட்பாளர் என்று நான் எழுதிக் கொடுத்த மடல்கள் தஞ்சாவூர் வட்டாரத்தில் பல வீட்டுக் கூடங்களில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. ‘அறிவின் சிகரமே’ என்று ஆரம்பித்தால் கை தானாக ஓடும். வாரப் பத்திரிகையில் ஊர்ப் பெரிய மனிதர்களைக் கிண்டலடிப்பது என் தொழில். மடல் எழுதுவது அதற்கான பிராயச்சித்தம்.

அதனால் மரபு நெல் மீட்புப் பேரவையின் தலைவர் செல்லதுரை போன் செய்தபோது நான் யோசிக்கவில்லை. பேரவை என்றால் ஒரு லெட்டர்பேடு, ஒரு ரப்பர் ஸ்டாம்பு, வருடத்துக்கு மூன்று பிளக்ஸ் போர்டு.

“நம்ம வலங்கைமான் பக்கத்துப் பொண்ணு சார், எழில்மொழின்னு. டாக்டர். ஊசி போடுற டாக்டர் இல்ல, அதுக்கு மேல. ஹைதராபாத்துல ஆராய்ச்சி. நம்ம ஆத்தங்கரைச் சம்பா தூங்கவே தூங்காதுன்னு கண்டுபிடிச்சு வெளிநாட்டுப் பத்திரிகையில போட்டிருக்கு. லீவுக்கு வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் பாராட்டு விழா.”

“நெல்லு எதுக்குங்க தூங்கணும்?”

“அதான சார் கண்டுபிடிப்பே.”

கட்டுரையை வாட்ஸப்பில் அனுப்பிவைத்தார். பதினொரு பக்கம். முதல் வரியில் எனக்குப் புரிந்தவை ‘இன்’, ‘ஆஃப்’ இரண்டும்தான். ஞாயிறு காலை வலங்கைமானுக்குப் பஸ் ஏறினேன். அந்த அம்மாளையே பார்த்து, “ரெண்டு வரியில சொல்லுங்க” என்று கேட்டுவிட்டால் மத்தியானத்துக்குள் மடல் தயார்.

வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டில் கேட்டதற்கு நாற்றங்காலுக்குப் போகச் சொன்னார்கள். டெல்டா விவசாயத்தைப் பற்றி இருபது வருடமாக எழுதுகிறேன். சேற்றில் கால் வைத்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஒரு கை போதும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தேன்.

“பாத்து வாங்க சார், வழுக்கும்” என்று நாற்றங்காலிலிருந்து ஒரு குரல் வந்தது. அது எழில்மொழியின் அம்மா பொன்னுத்தாய். அறுபது வயதிருக்கும். ஒரு காலத்தில் குடும்பத்தோடு அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவர். கணவர் வீரையன் சாவதற்கு முன் வாங்கிப் போட்ட இரண்டு ஏக்கரில், ஊர்க் கணக்கில் ஆறு மா நிலத்தில், இப்போது தன் நாற்றைத் தானே பறித்துக்கொண்டிருந்தார். மகள் சுடிதாரை முழங்கால் வரை மடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தாறு, முப்பத்தேழு வயது. சிகரம் மாதிரி எதுவும் தெரியவில்லை.

வந்த காரியத்தைச் சொன்னேன். அவள் பக்கத்திலிருந்த ஒரு நெல் இலையைப் பாதி வரை கிழித்தாள்.

“இப்ப என்ன நடந்துச்சு சார்?”

“இலை கிழிஞ்சுது.”

“நமக்கு அவ்வளவுதான். நெல்லுக்கு இப்பதான் ஆரம்பிக்குது. கிழிஞ்ச இடத்துல செல்லுக்குள்ள கால்சியம் மடை திறந்த மாதிரி பாயும். உள்ள ஒரு கத்திரி சும்மா கிடக்கும். புரோட்டியேஸ்னு பேரு. புரதத்தை வெட்டுற புரதம். கால்சியம் பட்டதும் அது முழிச்சுக்கும்.”

“முழிச்சு?”

“நீளமா ஒரு புரதம் இருக்கு. அதோட வாலை ஒரே ஒரு இடத்துல வெட்டும். சுத்தி ஆயிரக்கணக்கான புரதம் கிடக்கு. அதுல இதைக் கண்டுபிடிச்சு, இதுலயும் குறிப்பிட்ட அந்த ஒரு கண்ணியில வெட்டும். வெட்டுப்பட்ட துண்டுதான் சேதி. அது வெளிய போய்ப் பக்கத்து செல்லைத் தட்டும், பூச்சி கடிக்குதுன்னு. அது அதுக்கு அடுத்ததைத் தட்டும்.”

“இதுக்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும்?”

“கத்திரி வெட்டுறதா? நான் பேச ஆரம்பிச்சப்பவே வெட்டி முடிச்சிருக்கும்.”

கிழிந்த இலையைப் பார்த்தேன். சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

“அந்தச் சேதியைப் புதுசா எழுத வேண்டாமா?” என்று கேட்டேன்.

“வேண்டாம் சார். முன்னாடியே எழுதி, புரதத்தோட சேர்த்து மடிச்சு வெச்சிருக்கு. ஒட்டிக்கிட்டு இருக்கிற வரைக்கும் அதால பேச முடியாது. வெட்டினாத்தான் பேசும்.”

என் பத்திரிகை ஆசிரியரும் வெட்டுவார். வெட்டினால் விஷயம் செத்துப்போகும். இங்கே வெட்டிய பிறகுதான் விஷயம் வாயைத் திறக்கிறது. எதிரே ஆறு மா, அதற்கு அப்பால் வெட்டாறு வரை கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. ஏதோ ஒரு புழு ஏதோ ஓர் இலையில் வாய் வைக்கிற ஒவ்வொரு நொடியும் அதற்குள் இத்தனை கத்திரி விழித்து, இத்தனை வால் அறுந்து, இத்தனை கதவு தட்டப்படுகிறதா? ஒரு சத்தமும் இல்லாமலா? பேச்சற்று நிற்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. சமாளித்துக்கொண்டு, “உங்க கண்டுபிடிப்பு என்னன்னு நீங்க சொல்லலையே” என்றேன்.

“சாதாரண நெல்லுல அடிபட்டாத்தான் அந்தச் சேதி வரும். ஆத்தங்கரைச் சம்பாவுல அடிபடாத நாத்துலயும் சேதி நிறைய இருந்துச்சு. எப்பவும் முழிப்புலயே இருக்கு. அதான் கட்டுரை. அதை வெச்சுத்தான் எனக்குத் தனி ஆய்வகம் குடுக்கறதாப் பேச்சு. அடுத்த மாசம் முடிவாகுது.”

போன வருடம் இதே நாற்றங்காலில்தான் நாற்று எடுத்தார்களாம். பாதி புது ரகம், பாதி ஆத்தங்கரைச் சம்பா. ஒரே தண்ணீர், ஒரே மண், ஒரே வயது. புது ரகத்தை அவளுடைய மாணவி ஜூலியட் பறித்தாள். சென்னைப் பெண். ஆத்தங்கரைச் சம்பாவை அம்மா பறித்துக் கொடுத்தார். பறித்த அரை மணிக்குள் இலையின் அடிப்பகுதியை வெட்டித் திரவ நைட்ரஜனில் உறைய வைத்தாயிற்று. அவள் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். ‘முழிப்பிலேயே இருக்கும் நெல்’. மடலுக்கு இதுவே தாராளம்.

கிளம்புமுன் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் பொன்னுத்தாயின் வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இடது கை நிறைய நாற்றைப் பிடித்து உருவுகிறார். வேரைத் தண்ணீரில் அலசிக் காலில் தட்டுகிறார். நாரால் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினால் ஒரு முடி. கடைசியாகக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முடியின் தலைப்பக்கம் போய் ஒரு கிள்ளு. நுனிகளெல்லாம் சேற்றில் விழ, கால் அவற்றை அழுத்தி மிதிக்கிறது. முடி வரப்புக்குப் பறக்கிறது. அடுத்தது.

“எதுக்கும்மா நுனியைக் கிள்றீங்க?” என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமே என்பதற்காகக் கேட்டதுதான்.

“பேனா புடிக்கிறவங்களுக்கு அது தெரியாது சார். குருத்துப்பூச்சி நுனியிலதான் முட்டை வெக்கும். கிள்ளிப் போட்டாப் பூச்சி வயலுக்கு வராது. நாத்துன்னா கிள்ளித்தான் கட்டணும்.”

நான் தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். எழில்மொழி எழுந்து நின்றிருந்தாள். கண் அம்மாவின் கையில் இருந்தது.

“அம்மா.”

“என்னடி?”

“போன வருஷம் எனக்குப் பறிச்சுக் குடுத்தியே.”

“ஆமா.”

“அதையும் கிள்ளினியா?”

“கிள்ளாமயா? பூச்சி முட்டையோடவா ஆராய்ச்சிக்குக் குடுப்பேன்?”

அந்தப் பெருமையான முகத்தை நான் மறக்கமாட்டேன். மகளின் முகத்தையும். விஷயம் எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. அடிபடாத நாற்று என்று நினைத்து அவள் உறைய வைத்ததெல்லாம் அரை மணிக்கு முன்பு அம்மாவின் கையால் கிள்ளப்பட்டது. நெல் முழிப்பில் இருந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. நுனியைப் பிய்த்துவிட்டால் யார்தான் முழித்துக்கொள்ள மாட்டார்கள்?

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். கட்டுரையின் முதல் படம். அளவுகோலுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்று. ஒன்று ஊசி மாதிரி கூர்மையாக முடிகிறது. இன்னொன்றின் தலை மொட்டையாக இருக்கிறது. சேற்றையே பார்க்காத என் கண்ணுக்குக்கூடத் தெரிந்தது. மூன்று நிபுணர்கள் சரிபார்த்து, உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த படம்.

“உங்க கண்ணுல படலையா?”

“பட்டுது சார். எனக்கு நாத்துன்னா இப்படித்தான். பொறந்ததுலேர்ந்து நுனியோட கட்டின முடியை நான் பாத்ததே இல்ல.” படத்தைப் பெரிதாக்கி மொட்டை நுனியில் நிறுத்தினாள். “இந்தப் படத்தை நான்தான் எடுத்தேன். வேற ஊர்ல பொறந்தவங்க யாராவது எடுத்திருந்தா அன்னைக்கே கேட்டிருப்பாங்க.”

ஜூலியட்டுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் தூக்கம் கலையாத குரல் வந்தது. “இல்ல மேம், நான் கிள்ளலையே. கிள்ளணுமா?”

அவ்வளவுதான். எழில்மொழி ஆய்விதழுக்குக் கடிதம் அடிக்க ஆரம்பித்தாள். அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். மற்றவன் செய்திருந்தால் அதை வைத்து மூன்று வாரம் எழுதியிருப்பேன்.

“யோசிச்சுப் பண்ணுங்கம்மா. இது தெரிஞ்சது நாலு பேருக்கு. நான் எழுதினா யாரும் நம்பமாட்டாங்க. ஆய்வகம் கைக்கு வந்தப்புறம் மெதுவா...”

அவளுக்குக் கோபம் வரவில்லை. “ஜப்பான்லேர்ந்து ஒருத்தர் போன வாரம் எழுதியிருந்தாரு சார். இதை நம்பி அடுத்த மூணு வருஷத்துக்கு வேலையை மாத்திக்கிறாராம். அவருக்கு நான் என்ன சொல்றது?”

வாசற்படியில் பொன்னுத்தாய் கை கழுவாமல் நின்றிருந்தார். “எழிலு, நான் கெடுத்துட்டேனா?”

“இல்லம்மா. தண்ணியக் கேட்டேன், மண்ணக் கேட்டேன், எத்தனை நாள் நாத்துன்னு கேட்டேன். உன் கையை மட்டும் கேக்கல. அது என் தப்பு.”

கடிதம் எட்டு வரி. முடிவு தவறு, காரணம் இது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். பத்து வருட உழைப்பின் தலைமேல் அவள் விரல் ஒரு நொடி நின்றது. பிறகு அம்மா கிள்ளுகிற அதே வேகத்தில் இறங்கியது. அனுப்பியாயிற்று. மற்றவர்களின் காற்றைப் பிடுங்குவதில் எனக்கு முப்பது வருட அனுபவம் உண்டு. தன் காற்றைத் தானே இப்படிப் பிடுங்கிய ஆளை அன்றுதான் பார்த்தேன்.

சாயந்திரம் கல்யாண மண்டபத்தில் மடல் எழுதவில்லை என்று செல்லதுரையிடம் சொன்னேன்.

“அது அச்சாகி ரெண்டு நாள் ஆச்சு சார். உங்க பேர்ல நானே எழுதிட்டேன். அறிவின் சிகரமேன்னு ஆரம்பிச்சாக் கை தானா ஓடுது.”

பிளக்ஸில் கண் வைத்த ஒரு நெற்கதிர் முழித்துக்கொண்டிருந்தது. அதை விடப் பெரிதாகச் செல்லதுரை சிரித்துக்கொண்டிருந்தார். நேரில் நின்ற செல்லதுரை, “டாக்டரம்மா, மேல வாங்க, நடு நாற்காலி உங்களுது” என்று மகளை அழைத்தார். “பொன்னுத்தாயி, நீ அந்தப் பக்கம் கீழ உக்காந்துக்க” என்றார் அம்மாவிடம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். பொன்னுத்தாய் முன்வரிசையில் தன் தெருப் பெண்களோடு போய் உட்கார்ந்தார்.

நம் முன்னோர்கள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று செல்லதுரை நாற்பது நிமிடம் பேசினார். பொன்னாடை போர்த்தினார். மடலைக் கொடுத்தார். மைக் எழில்மொழியிடம் வந்தது.

“நான் எழுதினது தப்பு. நம்ம நெல்லு தூங்காதுன்னு எழுதினேன். அது உண்மை இல்ல. இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. கட்டுரையைத் திரும்ப வாங்கிட்டேன்.”

கைதட்டல் கூரையைத் தொட்டது. செல்லதுரை மைக்கைப் பிடுங்கினார். “பாத்தீங்களா தன்னடக்கத்தை. நிறைகுடம்னா இதுதான்.”

தவறை ஒப்புக்கொள்ளவும் ஒருவரை விடாத ஊர் இது. அவள் மைக்கைத் திரும்ப வாங்கினாள். பையிலிருந்து இரண்டு நாற்றை எடுத்து உயர்த்திப் பிடித்தாள்.

“இது அடக்கம் இல்லீங்க. இதோ, இது கிள்ளினது, இது கிள்ளாதது. நான் ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுட்டேன்.” கட்டுரையின் படத்தைத் திரையில் போட்டாள். “இதைப் பாத்துத்தான் அடிபடாத நாத்துன்னு உலகத்துக்கே எழுதினேன்.”

முன்வரிசையிலிருந்து ஒரு கிழவியின் குரல் வந்தது. “அந்த வலப்பக்கத்து நாத்து கிள்ளினதாச்சேடி. இங்கேருந்தே தெரியுது.”

“நல்லாத் தெரியுது” என்றாள் பக்கத்தில் இருந்தவள். “கிள்ளாம எவ கட்டுவா?”

வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. அவளைக் கேலி செய்கிற சிரிப்பு இல்லை, நம்ம வீட்டுப் பெண் என்கிற சிரிப்பு. மூன்று நிபுணர்கள் மாதக்கணக்கில் பார்த்தும் காணாததை, மூக்குக்கண்ணாடி இல்லாத இருபது பேர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்டுவிட்டார்கள். அவர்களை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எழில்மொழியும் சிரித்தாள். பிறகு சொன்னாள். “ஆனா ஒண்ணு இருக்கு. நீங்க கிள்றது நுனியில. நான் வெட்டி எடுத்தது அடியில. அரை மணி நேரத்துல அந்தச் சேதி நுனியிலேர்ந்து அடி வரைக்கும் இறங்கி வந்திருக்கு. ஒரு முடியில எத்தனை நாத்து இருக்கும்? நீங்க ஒவ்வொரு தடவை கிள்ளும்போதும் அத்தனைக்கும் தெரிஞ்சுபோகுது. வயல்ல நடுறதுக்கு முன்னாடியே ஒவ்வொண்ணும் உசாராயிடுது. அது எத்தனை நாள் நிக்குது, பூச்சிக்கு ஆகுதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இனிமேதான் பாக்கணும்.”

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. முன்வரிசைப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். சேறேறிக் கறுத்த கட்டைவிரல் நகங்கள். எத்தனை வருடம், எத்தனை ஆயிரம் முடி. நானும் அந்தக் கைகளைத்தான் பார்த்தேன். கிண்டலாக ஒரு வரி தோன்றுமா என்று காத்திருந்தேன். தோன்றவில்லை.

“அப்ப இந்த பேனரை என்ன சார் பண்றது?” என்று செல்லதுரை என் காதோரம் கேட்டார்.

அடுத்த ஞாயிறு விடியற்காலை முதல் பஸ்ஸில் போனேன். யாரும் கூப்பிடவில்லை. ஆய்வகம் பற்றிய முடிவைத் தள்ளிவைத்திருப்பதாக ஹைதராபாத்திலிருந்து கடிதம் வந்திருந்ததாம். எத்தனை நாளைக்கு என்று அதில் இல்லை. எழில்மொழி அதை வானிலைச் செய்தி மாதிரி சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். ஜூலியட் பால்கேன் போன்ற ஒரு நைட்ரஜன் பாத்திரத்தோடு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழிந்தது. விட்டுவைத்திருந்த நாற்றை இன்று மறுபடி பறிக்கிறார்கள். பாதியைக் கிள்ளி, பாதியைக் கிள்ளாமல், இரண்டு ரகத்திலும்.

பொன்னுத்தாய் கிள்ளாத பங்கைப் பறித்துக்கொண்டிருந்தார். வலது கட்டைவிரலில் சரிகை பளபளத்தது. பொன்னாடையின் ஓரத்தைக் கிழித்து விரலை இறுக்கிக் கட்டியிருந்தார்.

“சொன்னா கேக்காது சார் இந்தக் கை” என்றார். “முதல் முடியையே கிள்ளிடுச்சு. அதான் கட்டிப் போட்டேன்.”

பொன்னாடைக்கு ஒரு பயன் இருப்பதை என் வாழ்நாளில் முதல் முறையாகக் கண்டேன்.

முடியை மகளிடம் நீட்டினார். “நீ அனுப்புன கடுதாசில என் பேரைப் போட்டியா?”

“இல்லம்மா. உன் மேல பழி போட்ட மாதிரி ஆயிடும். நட்றதுக்கு முன்னாடி கிள்றது இந்தப் பக்கத்து வழக்கம்னு மட்டும் எழுதினேன்.”

“போட்டிருக்கலாம். கிள்ளினது நான்தானே.”

எழில்மொழி அம்மாவைப் பார்த்தாள். “சரி. அடுத்ததுல போடுறேன்.”

“சரியாப் போடு. பொன்னுத்தாய், கணவர் பேரு வீரையன்.”

அவள் முடியை வாங்கி என் பக்கம் திருப்பிக் காட்டினாள். சில நுனிகளில் ஒரு சொட்டு நின்றது; பறிக்கும்போது உதிராமல் தப்பிய பனி என்று நினைத்தேன். பனி இல்லையாம். வேர் இழுத்த தண்ணீரை நெல் விடிவதற்குள் நுனிக்குக் கொண்டுவந்து வெளியே தள்ளுமாம். பறிக்காமல் நின்ற நாற்றங்காலைப் பார்த்தேன். ஊசிபோன்ற ஒவ்வொரு நுனியிலும் ஒரு சொட்டு, ஒவ்வொரு சொட்டிலும் துளிச் சூரியன். ஆயிரமா, பத்தாயிரமா, எண்ண முடியவில்லை. இருபது வருடம் எழுதியவன் நெல்லுக்கு நுனி இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

“சார், கொஞ்சம் நகருங்க” என்றாள் ஜூலியட். “நேரம் ஓடுது.”

நகர்ந்து நின்றேன்.